பீரங்கிக்காரனின் வீரம்

வீரத்துக்குச் சாட்சி வேண்டும் என்பது ராணுவங்களின் பொது விதி. விக்டோரியா கிராஸ் போன்ற ஒரு பதக்கத்துக்கு நேரில் கண்டவர்களின் வாக்குமூலம் கேட்கப்படுகிறது. இதை வெறும் நடைமுறை என்று தள்ளிவிடலாம். ஆனால் விதிக்கு அடியில் வீரம் பற்றிய ஒரு கோட்பாடு இருப்பதாக எனக்குப் படுகிறது: வீரம் என்பது பார்க்கிற தூரத்தில் நடப்பது. பீரங்கிப் படை அதிகாரி ஒருவரிடம் வரும்போது இந்தக் கோட்பாடு திணறுகிறது.

எட்வர்ட் கிண்டர் பிராட்பரி 1881இல் இங்கிலாந்தில் பிறந்தவர். நீதிபதி ஒருவரின் மகன். 1900இல் பீரங்கிப் படையில் சேர்ந்தார். போயர் யுத்தத்தின் கடைசிக் கட்டத்தில் இருந்தார். பிறகு பன்னிரண்டு வருஷம் சமாதான கால உத்தியோகம். யாரும் அதைப் பேசுவதில்லை. 1914 ஆகஸ்டில் குதிரைப் பீரங்கிப் படையின் 'எல்' பாட்டரியில் காப்டனாகப் பிரான்ஸ் போனார். செப்டம்பர் 1ஆம் தேதி காலை செத்துப்போனார். வயது 33.

அந்தக் காலையைப் பற்றி மட்டும் நிறையத் தெரியும். மோன்ஸிலிருந்து பின்வாங்கும் பிரிட்டிஷ் படையில் ஒரு குதிரைப்படைப் பிரிகேட், அதனுடன் ஆறு பீரங்கிகள் கொண்ட 'எல்' பாட்டரி, நேரி என்ற கிராமத்தில் இரவு தங்கியிருந்தது. விடியும்போது கடும் மூடுபனி. பனி விலகக் காத்திருந்த நேரத்தில், சில நூறு கஜத்துக்கு அப்பால் மேட்டிலிருந்து ஜெர்மானியரின் பன்னிரண்டு பீரங்கிகள் சுடத் தொடங்கின. குதிரைகள் சேணத்தோடு விழுந்து செத்தன. பிராட்பரியின் அழைப்பில் ஓடியவர்கள் மூன்று பீரங்கிகளை எதிரி பக்கம் திருப்பினார்கள். இரண்டு சீக்கிரமே அடங்கிவிட்டன. மிஞ்சிய ஒன்றைப் பிராட்பரியும் நெல்சன், டாரெல், டார்பிஷயர், ஆஸ்போர்ன் முதலியோரும் சுட்டுக்கொண்டிருந்தார்கள். குண்டு எடுத்துவரப் போன இடத்தில் ஷெல் ஒன்று பிராட்பரியின் காலைக் கொண்டுபோயிற்று. அதற்குப் பிறகும் சுடுவதை நடத்தினார் என்கிறார்கள். உதவிப் படை வந்து சேர்ந்தது, எதிரி பின்வாங்கினான், அவர் இறந்தார். அவருக்கும் நெல்சன், டாரெல் இருவருக்கும் விக்டோரியா கிராஸ். ஃபோர்ச்சுனினோ மட்டானியா இதை ஓவியமாக வரைந்தார். பீரங்கி லண்டன் போர் அருங்காட்சியகத்துக்குப் போயிற்று.

ஆரம்பம், பனி, ஒற்றைப் பீரங்கி, முடிவு என்று சிறுகதையாகவே கிடைத்துவிட்ட சம்பவம். எழுதுகிறவர்கள் இப்படிப்பட்டதைச் சந்தேகிக்க வேண்டும்.

ஏனென்றால், நேரியில் நடந்தது பீரங்கிப் போரின் இயல்பு அல்ல, அதன் விபத்து. எதிரி கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் நின்று சுடுவதன் விலை ஆறு நாள் முன்பே லெ கட்டோவில் தெரிந்துவிட்டது. அங்கே பிரிட்டிஷ் படை 38 பீரங்கிகளை இழந்தது. பிறகு பீரங்கிகள் மேடுகளுக்குப் பின்னால் போய்விட்டன. வரைபடம், கோணம், டெலிபோனில் வரும் எண்கள். 1916இல் ஸோம் தாக்குதலுக்கு முந்திய ஒரு வாரத்தில் மட்டும் 15 லட்சத்துக்கு மேல் குண்டுகள் போடப்பட்டன. அந்த யுத்தத்தின் காயங்களில் பாதிக்கு மேல் பீரங்கியாலும் அதைச் சேர்ந்த ஆயுதங்களாலும் வந்தவை. சுட்டவன் பார்க்காமல், பட்டவன் பார்க்காமல். இந்த வேலையில் எது வீரம், எது குரூரம் என்று சொல்ல நம்மிடம் சொற்கள் இல்லை. தமிழில் விழுப்புண் என்கிறோம். முகத்திலும் மார்பிலும் படுகிற காயம். காயத்தின் இடம் மனிதனின் நிலையைச் சொல்லிவிடும் என்ற நம்பிக்கை அச்சொல்லுக்குள் இருக்கிறது. ஷெல் சிதறலுக்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது.

அப்போது நேரியின் கதை என்ன செய்கிறது? பார்க்க முடியாத ஒரு தொழிலுக்குப் பார்க்கக்கூடிய ஒரு முகத்தைக் கடன் கொடுக்கிறது. பிராட்பரியின் துணிவு பொய் என்று நான் சொல்லவில்லை. அது அவருடையது. அதை முழுத் தொழிலின் பெயருக்கும் மாற்றி எழுதுவதில்தான் நேர்மைக் குறைவு.

நெல்சனை எடுத்துக்கொள்ளலாம். அன்று பிழைத்த அவர் மேஜராகி, 1918 ஏப்ரலில் பட்ட காயத்தால் இறந்தார். இடையில் மூன்றரை வருஷம். அவர் பெயர் சொல்லப்படும்போது நினைவுக்கு வருவது முதல் காலைதான். ஒரு மனிதனின் தார்மீக வாழ்வை இரண்டு மணி நேரத்துக்குள் அடைத்துவிட்டு மீதியை இருட்டில் விடுவது அவரைக் கௌரவிப்பதாகுமா என்று தெரியவில்லை.

பதக்க விதியிலும் இதே கோணல். அந்த யுத்தத்தில், இறந்த பிரிட்டிஷ் வீரனுக்குத் தரக்கூடியவை இரண்டுதான்: விக்டோரியா கிராஸ் அல்லது அறிக்கையில் பெயர்க் குறிப்பு. நடுவில் இருந்த பதக்கங்கள் எல்லாம் உயிரோடிருப்பவர்களுக்கு. நேரியில் பீரங்கியருகே விழுந்த லெப்டினன்ட் காம்பெல்லுக்கு விக்டோரியா கிராஸ் இல்லை. பிழைத்த டார்பிஷயருக்கும் ஆஸ்போர்னுக்கும் பிரான்ஸ் பதக்கம் கொடுத்தது. செத்தவனின் துணிவு உச்சத்தில் இருக்கவேண்டும், அல்லது ஒரு வரியோடு நிற்கவேண்டும். ஒரு சாமானிய அளவு துணிவோடு சாகும் உரிமை அவனுக்கு இல்லை. விக்டோரியா கிராஸ், கைப்பற்றப்பட்ட பீரங்கிகளின் வெண்கலத்தில் செய்யப்படுவதாக வழக்கு.

இன்னொன்று. அன்று காலை மேட்டில் பீரங்கிகளைச் சுற்றி ஜெர்மானியர்களும் செத்தார்கள். சில நூறு கஜம், பனி விலகிவிட்டது. பிராட்பரி அவர்களைப் பார்த்துத்தான் சுட்டார்.