பேறுகாலக் கலக்கமும் தவக்குலும்

வியாபாரத்தில் நட்டம் வந்தால் தாங்கிக்கொள்ளும் நாம், வீட்டில் மனைவிக்கு மாதம் நெருங்கிவிட்டால் கல்லாவில் சில்லறையைக்கூடச் சரியாக எண்ண மாட்டாமல் தடுமாறுகிறோம். இந்தக் கலக்கம் இறைவன்மீது நாம் வைத்த நம்பிக்கையின் குறைவுதானா? சகோதரர்களே, சற்றே ஆராய்வோம்.

நம் முன்னோர் பலர் குடும்பத்தை நாகூரிலும் பனைக்குளத்திலும் விட்டுவந்து இந்நாட்டில் கடை நடத்தினார்கள். பிள்ளை பிறந்த செய்தி கடிதமாக வந்து சேருமுன்பே அங்கே பெயர் சூட்டி முடிந்திருக்கும். அவர்கள் கலங்கவில்லை என்று நாம் பெருமை பேசுவதுண்டு. கலங்கினார்கள், கண்டவர் இல்லை, அவ்வளவே.

அச்சம் காரணமற்றதும் அன்று. 1957-ஆம் ஆண்டில் மலாயாவில் ஒரு லட்சம் பிரசவங்களுக்கு ஏறக்குறைய 280 தாய்மார் இறந்தனர். 1990-களில் அத்தொகை 50-க்கும் கீழே இறங்கிற்று. எப்படி? ஆபத்தை அஞ்சியவர்கள் வாளாவிருக்கவில்லை. கிராமங்களில் பயிற்சி பெற்ற மருத்துவச்சிகளை அமர்த்தினார்கள். பின்னாளில் கர்ப்பிணியின் அட்டையில் வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என நிறம் குறித்து, ஆபத்துள்ளவரை முன்கூட்டியே மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பது என்பது இதுவே.

பெக்கோக்கில் இருக்கும் நமக்கும் கட்டவேண்டிய ஒட்டகம் உண்டு. நள்ளிரவில் வலி கண்டால் லாபிஸைக் கடந்து சிகாமட்டுக்கு யாருடைய வண்டியில் போவது? கடைச் சாவி யாரிடம்? மூத்த பிள்ளைகளை யார் பார்ப்பது? இவற்றுக்கு விடை எழுதி வைத்தவனின் கலக்கம் பாதி குறையும்.

மீதிப் பாதிக்கு ஏற்பாடு கிடையாது. அங்கேதான் நாம் தவறுகிறோம். "பயப்படாதே" என்று மனைவியிடம் சொல்கிறோம். அவளுடைய அச்சத்தைக் கேட்கும் துணிவு நமக்கில்லாததால் சொல்கிறோம். மர்யம் அலைஹிஸ்ஸலாம் அவர்கள் பேரீச்ச மரத்தடியில் வலி தாளாமல் மரணத்தையே விரும்பியதைத் திருக்குர்ஆன் மறைக்கவில்லை. அதற்காக அவர்கள் கண்டிக்கப்படவும் இல்லை. ஆறுதல் மொழியோடு நீரும் கனியும் சேர்ந்தே வந்தன.

ஆகவே கலங்குவது ஈமானின் குறைவன்று. நம் கலக்கத்தை மறைக்க அவளை வாய்மூடச் செய்வதே குறைவு. அந்த நாளில் கடையைப் பூட்டிவிட்டு அவள் பக்கத்தில் இருப்போம். துஆவும் அங்கிருந்தே கேட்போம். ஒரு நாள் பூட்டிய கடைக்கு வாடிக்கைக்காரர் மறுநாளும் வருவார்கள்.