மாமிக்கும் மந்திரத்துக்கும் நடுவில்

கேள்வி: கனடாவில் இருக்கும் மகன் யாழ்ப்பாணம் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் தேரை யூடியூப்பில் பார்த்துக் கும்பிடுகிறான். பலன் உண்டா?

பதில்: இங்கே காலை ஏழு மணியென்றால் அங்கே முதல்நாள் இரவு ஒன்பதரை. வேலையால் களைத்து வந்தவன் விழித்திருந்து கும்பிடுகிறான். பலன் இல்லாமல் எங்கே போகும்? தேர் முன்னால் வர, அதற்கு முதுகைக் காட்டி நின்று செல்ஃபி எடுக்கிறார்களே வீதியில், அவர்களைப் பற்றிக் கேளுங்கள்.

கேள்வி: அலுவலகத்தில் வெள்ளிக்கிழமை பிறந்தநாள் கேக் வெட்டுகிறார்கள். விரதக்காரி நான் என்ன செய்வது?

பதில்: ஒரு துண்டைச் சனிக்கிழமைக்கு எடுத்து வையுங்கள்.

கேள்வி: வங்கியில் வேலை. மந்திரம், தேவாரம் ஒன்றுக்கும் நேரமில்லை. மாமி குறை சொல்கிறா.

பதில்: மாமியைத் தொண்டைமானாறு செல்வச்சந்நிதி முருகன் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே பூசகர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டுதான் பூசை செய்வார். மந்திரம் கிடையாது. காரணத்தைக் கேளுங்கள். மருதர் கதிர்காமர் என்ற கடற்றொழிலாளி மீன் பிடித்துக்கொண்டிருந்தபோது, கரையில் நின்ற சிறுவன் ஒருவன் கூப்பிட்டு, பூவரச மரத்தடியில் தன்னை வழிபடச் சொன்னானாம். "பூசை முறை எனக்குத் தெரியாதே" என்றவரைக் கதிர்காமத்துக்கே கூட்டிப்போய்க் காட்டிக்கொடுத்தான் என்பது கோயில் வரலாறு. அவர் வழிவந்தவர்கள்தான் இன்றும் பூசை செய்கிறார்கள். ஆலிலையில் அமுது படைக்கிறார்கள். ஆகமத்தில் அணுவும் விட்டுக்கொடாத ஆறுமுக நாவலர் 1822இல் பிறந்த அதே யாழ்ப்பாணத்தில்தான் இந்தப் பூசையும் நடக்கிறது. கந்தனுக்கு இரண்டும் சம்மதம்.

இதைக் கேட்டுச் சந்தோசப்பட்டுவிடாதேயுங்கோ, பிள்ளை. மந்திரம் வேண்டாம் என்றது கதிர்காமருக்கு, அவருக்குத் தெரியாது. உங்களுக்குத் தேவாரம் தெரியும், பஞ்சிதான் விடுகுதில்லை. முகம் கழுவமுன் கைத்தொலைபேசி பார்க்க நேரமிருக்கிறது. தேங்காய் திருவும்போது ஒரு தேவாரம் பாடினால் திருவலை கோபிக்காது. பிள்ளைகளுக்குப் பாடிக் காட்டுகிற பொறுப்பை மாமியிடம் கொடுங்கள். குறை சொல்ல அவவுக்கும் நேரம் குறையும்.

கேள்வி: நல்லூரில் ஆண்கள் மேற்சட்டை கழற்ற வேண்டும் என்பது இந்தக் காலத்துக்குச் சரியா?

பதில்: கோடீசுவரர் வந்தாலும் கூலிக்காரர் வந்தாலும் அங்கே அருச்சனைச் சீட்டு ஒரு ரூபாய்தான். சட்டையும் அப்படித்தான். விலை உயர்ந்ததை வெளியில் விட்டுவிட்டு வரச் சொல்கிறான் கந்தன், அவ்வளவே. கழற்றக் கூச்சமென்றால் வெளிவீதியில் நின்று கும்பிடுங்கள். அதற்கு அவன் ஒன்றும் சொல்லமாட்டான்.