பரணில் கிடந்த கித்தாரும் பங்காளிகளின் உரிமையும்

ஒரு பொருள் இன்னதென்று அறியுமுன் அதன்மீது தீர்ப்புக் கூறலாகாது என்பது, மதரஸாவில் நாம் இளமையிலேயே ஓதிய பாடமாகும். சட்டம் என்பது பொருளைப் பற்றிய தெளிவிலிருந்து கிளைப்பது என்று உஸூல் கலை அறிஞர்கள் வகுத்துள்ளனர். ஓதியதை மறந்து நாமே ஒருமுறை தவறினோம். அதை எடுத்துரைக்க நாணமாகத்தான் இருக்கிறது. எனினும் அத்தவற்றிலிருந்து பிறந்த கேள்வி ஒவ்வொரு குடும்பத்துக்கும் உரியது என்பதால் இங்கே வைக்கிறோம்.

சங்கரன்கோவிலில் நமக்கு அறிமுகமான ஒரு பெரியவர் காலமானார். கடையநல்லூரைப் பூர்வீகமாகக் கொண்டவர். வாலிபத்தில் சிங்கப்பூர் சபுராளி. கடையநல்லூர் நெசவுக் குடும்பங்கள் பல இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே மனைவி மக்களுடன் சிங்கப்பூர் சென்று குடியேறியதும், 1941இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்ற அமைப்பைக் கண்டதும் நம் வாசகர் பலர் அறிந்த செய்திகளே. பெரியவரின் மனைவி முன்னரே மறைந்துவிட்டார். இரு ஆண்மக்களும் ஒரு பெண்ணும் வாரிசுகள். வீடும் நிலமும் முறைப்படி கணக்கிடப்பட்டன. பின்னர் ஒருநாள் அஸர் தொழுகைக்குப்பின் ஆண்மக்கள் இருவரும் நம்மிடம் வந்தனர்.

"ஹஜ்ரத், பரணைச் சுத்தம் செய்யும்போது பழைய கித்தார் ஒன்று கிடைத்தது. எங்கள் வீட்டில் அப்படியொரு பொருள் இருந்ததே எங்களுக்குத் தெரியாது. பழைய சாமான் கடைக்காரர் 500 ரூபாய் தருகிறேன் என்கிறார். அந்தப் பணத்தைத் தர்மம் செய்துவிடலாமா?" என்று மூத்தவர் கேட்டார். தஹஜ்ஜுத் தவறாத தகப்பனாரின் வீட்டில் இசைக்கருவி இருந்ததை அவர் இழுக்காகக் கருதினார் என்பது முகத்தில் தெரிந்தது. நாமும் சற்றும் யோசியாமல், "மரக்கட்டைதானே, கொடுத்துவிடுங்கள்" என்றோம். அது என்ன கித்தார் என்று கேட்கவில்லை. பெண்மகளுக்குச் செய்தி தெரியுமா என்றும் கேட்கவில்லை.

மூன்று நாட்கள் கழித்து, இளையவரின் மகன், கல்லூரியில் படிக்கும் பிள்ளை, தனியே வந்தான். அந்தக் கித்தாரின் உள்ளே ஒட்டியிருந்த சீட்டை அவன் படித்திருக்கிறான். அது 500 ரூபாய்ப் பொருளன்று என்பதை அறிந்துகொண்டான். "பெரியப்பாவிடம் அதே 500 ரூபாயைக் கொடுத்து நானே வாங்கிக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். நான் பொய் சொல்லப்போவதில்லை ஹஜ்ரத். அவர்கள் கேட்ட விலையைத்தான் கொடுக்கிறேன். இதில் குற்றம் உண்டா?" என்றான். நாம் தயங்குவதைக் கண்டு மேலும் சொன்னான்: "நான் தேடிப் படித்து அறிந்தது என் உழைப்பு. அதற்குப் பலன் இல்லையா?"

கேள்வி எளியதன்று. விலை அறிந்தவன் மௌனமாயிருப்பது மோசடி ஆகுமா? இதுவே நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில், முன்பு செய்யத் தவறியதைச் செய்தோம். கருவியைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தோம். அதன் வயிற்றிலுள்ள வட்டத் துளை வழியே நோக்கினால், பின்பலகையில் ஒட்டிய சிவப்புச் சீட்டு தெரிந்தது. அதில் யமஹா என்ற பெயரும், எஃப்.ஜி. 180 என்ற குறியும், நிப்பான் காக்கி என்ற நிறுவனப் பெயரும் இருந்தன. 1887இல் ஜப்பானின் ஹமமாட்சு நகரில் பள்ளிக்கூடத்து ஆர்கன் ஒன்றைப் பழுது பார்த்ததில் தொடங்கிய தொராகுசு யமஹாவின் தொழில், 1897இல் நிப்பான் காக்கி என்ற நிறுவனமாயிற்று. 1987இல்தான் அது யமஹா என்று பெயர் மாறியது. ஆகவே பழைய பெயர் தாங்கிய கருவி அதற்கு முற்பட்டது என்பது தெளிவு. எஃப்.ஜி. 180 வகை வெளிவந்தது 1966இல். சிவப்புச் சீட்டு அவ்வகையின் தொடக்க காலத்துக்குரியது என்பதால் தேடி வாங்குவோர் இன்றும் உண்டு.

சிங்கப்பூரில் கித்தார் மோகம் பரவிய காலமும் அதுவே. 1961இல் ஆங்கிலப் பாடகர் கிளிஃப் ரிச்சர்டும் அவருடைய ஷேடோஸ் குழுவினரும் அங்கே வந்து பாடியபின், மலாய் இளைஞரும் தமிழ் இளைஞரும் கித்தார் ஏந்தினர். நம் பெரியவரும் அவர்களுள் ஒருவராய் இருந்திருக்கலாம்.

இத்தகைய பொருள் பரணில் கிடைக்கப்பெறுவோர் அறியவேண்டிய சில உண்டு. தலைப்பகுதியில் எழுதிய பெயரை மட்டும் நம்பலாகாது. உள்ளே ஒட்டிய சீட்டையும் வரிசை எண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் 1898இல் 8000 என்ற எண்ணிலிருந்து தொடங்கி வரிசை எண் இட்டு வருவதால், எண்ணைக் கொண்டே அந்தக் கருவியின் ஆண்டை அறியலாம். மரமும் காலத்தைச் சொல்லும். அந்நிறுவனம் பிரேசில் நாட்டு ஈட்டி மரத்தைத் தன் வழக்கமான கருவிகளில் 1969 வரை பயன்படுத்தியது. பின் இந்திய ஈட்டி மரத்துக்கு மாறியது. தோதகத்தி என்று நாம் வழங்கும் மரம் அதுவே. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்வது. பிரேசில் ஈட்டி மரம் 1992 முதல் பன்னாட்டு உடன்படிக்கையின் கடும் பாதுகாப்பில் இருப்பதால், அம்மரத்தாலான பழைய கருவியையும் தக்க சான்றின்றி நாடு கடத்த இயலாது.

பழைய மெருகைச் சுரண்டிப் புது வார்னிஷ் பூசுவது அழகு செய்வதாகத் தோன்றும். ஆனால் விலையைப் பெரிதும் கெடுத்துவிடும். ஆண்டுக்கணக்கில் இழுத்துக் கட்டிய தந்திகள் கழுத்தை வளைத்து, குதிரை எனப்படும் தாங்கியைப் பலகையிலிருந்து பெயர்த்துவிடும். ஆதலால் தந்திகளைத் தளர்த்தி வைத்து, பழுது பார்க்கத் தெரிந்தவரிடம் காட்ட வேண்டும். விற்பவர் கேட்கும் விலை வேறு, உண்மையில் விற்றுமுடிந்த விலை வேறு. நம் சட்ட நூல்கள் கூறும் 'கீமத்துல் மிஸ்ல்', அதாவது அதுபோன்ற பொருளுக்கு அவ்விடத்தில் அக்காலத்தில் கிடைக்கும் விலை, இரண்டாவதையே குறிக்கும். அதைக் கூறத் தகுதியுடையோர் அத்துறை அறிந்தோரே, ஆலிம்கள் அல்லர்.

சிலவேளை விலை மரத்தில் இல்லை, வைத்திருந்தவர் பெயரில் இருக்கும். பீட்டில்ஸ் பாடகர் ஜான் லெனன் ஒருகாலத்தில் வாசித்த கித்தார் ஒன்று, இங்கிலாந்தில் ஒரு வீட்டுப் பரணிலிருந்து கண்டெடுக்கப்பட்டு, 2024 மே மாதம் நியூயார்க் ஏலத்தில் 28 இலட்சம் டாலருக்கு மேல் விலைபோயிற்று. அத்தகைய கனவு நம் பரண்களுக்குப் பொருந்தாது. பெரியவரின் கித்தாரைச் சென்னையில் பழுது பார்ப்போர் ஒருவரிடம் காட்டியபோது, பலகையில் விரிசல் இருப்பதைக் கழித்து, 30,000 ரூபாய் தகும் என்றார்.

இனி கேள்விக்கு வருவோம். கருவி ஹராமானதென்றால் அதற்கு ஏது விலை, ஏது பங்கு என்று சிலர் கேட்கலாம். இசைக்கருவிகள் பற்றி இமாம்களிடையே உள்ள கருத்து வேற்றுமை நீண்டது. பெரும்பான்மையோர் தந்திக் கருவிகளைத் தடுத்தனர், இப்னு ஹஸ்ம் (ரஹ்) போன்றோர் அனுமதித்தனர். அதை இங்கே தீர்க்க நாம் முற்படவில்லை. ஆயின் தடுத்தவர்களின் நூல்களிலேயே ஒரு நுட்பம் உண்டு. ஒருவரின் இசைக்கருவியை மற்றவர் உடைத்தால், செதுக்கிய மரம் என்ற அளவில் அதன் மதிப்பை ஈடு தரவேண்டும் என்றார்கள் இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்கள். அவர்களின் மாணாக்கர் இருவரும் ஈடு இல்லை என்றனர். இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜ் நூலோ, ஈடு இல்லை என்று கூறியபின், அதை நொறுக்கிச் சிதைக்காமல், சேர்ப்பதற்கு முன்னிருந்த நிலைக்கு மரம் திரும்புமாறு பிரித்தலே ஏற்ற கருத்து என்கிறது. கடுமையான தீர்ப்பின்போதும் மரம் உடையவனுக்கே உரியது என்ற கவனத்தை இங்கே காண்க. அரபியில் 'ஊது' என்ற இசைக்கருவியின் பெயருக்கே மரம் என்றுதான் பொருள். கருவியை வெறுப்பவர் வெறுக்கட்டும்; அந்த வெறுப்பு மற்றொருவரின் பங்கை விழுங்க உரிமை தராது. பேணுதலுள்ளவர் தம் பங்கைத் துறக்கலாம். சகோதரியின் பங்கைத் துறக்க அவருக்கு என்ன அதிகாரம்? சொத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் பங்கை விதித்த திருமறை, விட்டுச் சென்றது சிறிதா பெரிதா என்று வேறுபடுத்தவில்லை என்பதை நிஸா அத்தியாயம் ஓதுவோர் அறிவர்.

அடுத்து, மௌனம் பற்றியது. நம் ஊர்ப் பூச்சந்தையை நினைத்துப் பாருங்கள். முகூர்த்த நாளில் மல்லிகை விலை ஏறியிருப்பதை அறிந்த ஒருவர், விடியுமுன் தோட்டத்துக்கே சென்று, விலையறியாத விவசாயியிடம் நேற்றைய விலைக்குப் பூவை வாங்கினால் என்ன சொல்வோம்? இதை ஒத்த செயலை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். சரக்குடன் வரும் வணிகக் கூட்டத்தை ஊருக்கு வெளியே எதிர்கொண்டு வாங்குவது கூடாது. அவ்வாறு விற்றவர் சந்தைக்கு வந்து உண்மை விலை அறிந்தபின் விற்பனையை முறிக்கும் உரிமை அவருக்கு உண்டு. அங்கே வாங்குபவர் பொய் சொன்னதாக இல்லை. மற்றவர் அறியுமுன் முந்திக்கொண்டதே அவர் செய்த பிழை.

நபித்தோழர் ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்களின் செய்தி இதனினும் உயர்ந்தது. அவர்களுக்காக ஒரு குதிரை 300 திர்ஹத்துக்கு விலை பேசப்பட்டது. குதிரையைக் கண்ட அவர்கள், உடையவரிடம் சென்று அது இன்னும் பெறும் என்று தாமே கூறி, 800 திர்ஹம் வரை விலையை உயர்த்திக் கொடுத்தார்கள். ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவதாக நாயகத்திடம் (ஸல்) வாக்களித்திருந்ததே காரணம்.

உழைத்து அறிந்ததற்குப் பலன் இல்லையா என்ற இளைஞனின் வாதத்தையும் நாம் எளிதில் தள்ளவில்லை. திறந்த சந்தையில், அந்நியர் இருவரிடையே, வாங்குபவர் தம் அறிவு முழுவதையும் ஒப்புவிக்க வேண்டும் என்று பெரும்பாலான சட்ட அறிஞர்கள் வற்புறுத்தவில்லை. அறிவுக்கும் அலைச்சலுக்கும் வாணிபத்தில் ஊதியம் உண்டு. ஆனால் இவன் அந்நியனா? அவனிடம் நாம் இதையே கேட்டோம்: "அந்தப் பரண் யாருக்குத் திறந்திருந்தது, தம்பி? தெருவில் போகிறவன் ஏறிப் பார்க்க முடியுமா? பேரன் என்பதால் ஏறினாய். அந்த உறவு உனக்குக் காட்டியதை, அந்த உறவுக்கே மறைக்கலாமா?" அவன் தலை குனிந்தான். நம்பிக்கையினால் கிடைத்த அறிவு அமானிதம். அதை வெளிப்படுத்தியபின் உழைப்புக்குக் கூலி கேட்கலாம், தரகு பேசலாம், நியாய விலைக்குத் தானே வாங்கலாம். மறைத்துக்கொண்டு இலாபம் காண்பது மட்டும் ஆகாது.

சொல்லாமல் விடுவதன் விளைவை உலகம் அண்மையில் ஒரு நிகழ்ச்சியில் கண்டது. 2015இல் வெளிவந்த 'தி ஹேட்ஃபுல் எய்ட்' என்ற அமெரிக்கத் திரைப்படத்துக்காக, 1870களில் செய்யப்பட்ட கித்தார் ஒன்றை மார்ட்டின் நிறுவனத்தின் காட்சியகம் இரவல் கொடுத்தது. காட்சிப்படி உடைக்கவேண்டியது அதன் போலியை. மாற்றி வைக்கவில்லை என்பதை நடிகருக்கு எவரும் சொல்லவில்லை. அவர் அசலையே அடித்து நொறுக்கினார். ஏறத்தாழ 40,000 டாலர் பெறும் கருவி சுள்ளியாயிற்று. உடைத்த கையைக் குற்றம் கூறுவதா, அறிந்திருந்தும் கூறாத வாய்களையா?

நம் வீடுகளில் இவ்வாறு நொறுங்குவது கித்தார் அன்று, பெண்மக்களின் உரிமை. "தங்கச்சி விட்டுக்கொடுத்துவிட்டாள்" என்று பெருமையாகச் சொல்கிறோம். எதை விட்டுக்கொடுத்தாள் என்று அவளுக்குத் தெரியுமா? அளவறியாத கடனைத் தள்ளிவிடுவது செல்லாது என்பது ஷாபிஈ மத்ஹபின் ஏற்கப்பட்ட கருத்து. அக்கருத்தின் உட்பொருளை நாம் பாகப்பிரிவினைக்கும் கொள்ளவேண்டும். அறிந்து கொடுத்தால் அது ஈகை. அறியாமல் கொடுத்தால் அது இழப்பு.

நாம் அன்றே அவ்வீட்டுக்குச் சென்று, நம் முந்திய சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொண்டோம். புளியங்குடியில் வாழ்க்கைப்பட்டிருந்த பெண்மகள் அழைக்கப்பட்டார். இளைஞன் தானறிந்ததை எல்லோர் முன்னிலையிலும் கூறி, 30,000 ரூபாயைத் தவணையில் தந்து தானே வாங்கிக்கொள்வதாகக் கேட்டான். மூவரும் இசைந்தனர். ஆண்மக்களுக்கு 12,000 வீதமும் பெண்மகளுக்கு 6,000மும் ஆயிற்று. மூத்தவர் மனம் மாறவில்லை. தம் பங்கைத் தர்மம் செய்துவிட்டார். அது அவருக்குரிய உரிமை. பழைய சாமான் கடைக்கே போயிருந்தால் சகோதரியின் பங்கு 100 ரூபாய். அதுவும் அவருக்குத் தெரியாமலேயே தர்மக் கணக்கில் சேர்ந்திருக்கும். அம்மையார் பணத்தை எண்ணிப் பார்க்கவில்லை. "என்னையும் கூப்பிட்டுக் கேட்டீங்களே அண்ணே" என்று மட்டும் சொன்னார்.

இன்று எவரேனும் பழம்பொருள் ஒன்றைப் பற்றி மார்க்கத் தீர்ப்புக் கேட்டு வந்தால், நாம் முதலில் இரண்டைக் கேட்கிறோம்: அது என்ன பொருள்? அதில் யார் யாருக்குப் பங்குண்டு? அவ்விரண்டும் தெளிந்தபின்தான் ஆகுமா ஆகாதா என்ற பேச்சு. பிறர் உரிமையை அறிந்து பேணும் மனத்தை வல்ல நாயன் நம் அனைவருக்கும் நல்குவானாக! ஆமீன்.