பெட்டியின் மேல் ஒரு தவளை

கொழுந்து நிறுக்கும் இடத்தில் நம் தாய்மார் தராசு முள்ளை விட்டுக் கண் எடுப்பதில்லை. சாக்குக்கு எவ்வளவு, ஈரத்துக்கு எவ்வளவு கழிக்கிறார்கள் என்பதில்தான் அன்றைய சம்பளம் இருக்கிறது. அந்தக் கொழுந்துக்கே இப்போது வேறொரு தராசு வந்திருக்கிறது.

வெளிநாட்டுக் கடைகளில் பல தேயிலைப் பெட்டிகளின் மேல் தவளை முத்திரையைக் காணலாம். ரெயின்பாரஸ்ட் அலையன்ஸ் என்னும் அமைப்பு வழங்குவது அது. மண், நீரோடை, காடு, மருந்தடிப்பு இவற்றோடு தொழிலாளர் நிலையையும் விசாரித்தே தருகிறார்கள். நமது தேயிலைச் சபைக்கும் ஓர் ஓசோன் முத்திரை உண்டு. முன்பு தவறணை மண்ணில் புழுவைக் கொல்ல மெதைல் புரோமைட் வாயுவைச் செலுத்தினார்கள். 1987ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கை வழியில் அதைக் கைவிட்டதற்கு அது அடையாளம். நல்ல காரியமே. ஆனால் அது நிறுப்பது ஓசோனைக் கெடுக்கும் வாயுவை மட்டும். ஸ்டோரில் கொழுந்தை உலர்த்த எரியும் விறகு எந்த மலையில் வெட்டியது என்று அது சொல்லாது. லயத்துக் கூரை ஒழுகுவதையும் சொல்லாது.

முத்திரையைப் பார்த்து வாங்குகிறவர் தம் மனச்சாட்சியை ஒரு பரிசோதகரிடம் ஒப்படைத்துவிடலாமா? கூடாது என்றே எண்ணுகிறேன். முத்திரையே வீண் என்பாரோடும் நான் சேரேன். அளப்பார் இல்லாவிட்டால் கேட்பாரும் இல்லை. பாப்பரசர் பிரான்சிஸ் 2015இல் எழுதிய 'லவுதாதோ சீ' மடலில் பூமியின் அழுகையையும் ஏழையின் அழுகையையும் ஒன்றாகக் கேட்கச் சொன்னார். எந்த முத்திரை இரண்டையும் சரியாகக் கேட்கிறது?

இன்னொன்று. ஒரு கோப்பைத் தேநீரின் கரியமில வாயுக் கணக்கில் பெரும்பங்கு, தண்ணீர் கொதிக்கும் அடுப்பில்தான் சேர்கிறது. இரண்டு பேருக்குக் கேத்தல் நிறையத் தண்ணீர் வைக்கிறோமே, அதை நிறுக்க யார் வருவார்?