கூடாரத்தின் கீழே

ஓய்வு மனிதனுக்கு இறைவன் தந்த கொடை. ஆறு நாள் உழைப்புக்குப்பின் ஏழாம் நாளைப் புனிதமாக்கிய விவிலிய மரபு, ஓய்வைச் சோம்பல் என்று இகழவில்லை. வழிபாட்டோடு சேர்த்தே எண்ணியது. ஆகவே நகர இரைச்சலை விட்டு விலகி, கடல் சூழ்ந்த ஒரு தீவில் கூடாரமிட்டு இரண்டு நாள் தங்க விரும்பும் ஒருவரைக் குறைகூற யாருக்கும் உரிமையில்லை. அலையோசையும் விண்மீன்களும் தளர்ந்த உள்ளத்துக்கு மருந்தாகும் என்பதை யார் மறுப்பார்?

அந்தக் கூடாரமும் காலத்துக்கேற்ப மாறிவிட்டது. தோளில் சுமந்து சென்ற துணியும் கயிறும் முளைக்குச்சியும் ஒரு காலத்தில் போதுமானவையாக இருந்தன. இன்றோ ‘கிளாம்பிங்’ என்றொரு சொல் வழக்குக்கு வந்திருக்கிறது. பெயரளவில் கூடாரம், உள்ளே கட்டில், மெத்தை, மின்விளக்கு, தனிக் குளியலறை. எளிய கூடாரமோ சொகுசுக் கூடாரமோ, இரண்டையும் நாடுவோரை ஈர்க்கும் வாக்குறுதி ஒன்றே: “இங்கே இயற்கை தவிர வேறெதுவும் இல்லை.”

இந்த வாக்குறுதி உண்மைதானா? ஒரு தீவு தானாகவே வெறுமையாக இருந்ததா, அல்லது வெறுமையாக்கப்பட்டதா? பிறர் கண்ணீர் சிந்திய மண்ணில், அதை அறியாமல் நாம் மகிழ்ந்திருந்தால் அது குற்றமாகுமா? இக்கேள்விகளைப் பொதுப்படையாக ஆராய்வதைவிட, ஒரு தீவின் வரலாற்றோடு சேர்த்து எண்ணிப் பார்ப்பது நலம்.

*வாஜெமப் என்னும் தீவு*

மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்கு அருகே, ஃப்ரீமேண்டில் துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் மேற்கே இந்தியப் பெருங்கடலில் கிடக்கிறது ராட்நெஸ்ட் தீவு. நீளம் 11 கிலோமீட்டர். பரப்பு 19 சதுர கிலோமீட்டர். வெண்மணற் கரைகள், கண்ணாடி போன்ற நீர், உப்பு ஏரிகள், கலங்கரை விளக்கங்கள். சுற்றுலாப் பயணிகளின் கார்களுக்கு அங்கு இடமில்லை. மக்கள் மிதிவண்டியில் தீவைச் சுற்றி வருவார்கள். குட்டியை வயிற்றுப் பையில் சுமக்கும் குவாக்கா என்ற சிறு விலங்கு அங்கே அஞ்சாமல் மனிதர் அருகில் வரும். 1696இல் அங்கு வந்த டச்சு மாலுமி வில்லெம் டி விளாமிங் அவற்றைப் பெரிய எலிகள் என்று எண்ணி, தீவுக்கு ‘எலிக்கூடு’ எனப் பொருள்படும் பெயரைச் சூட்டினார். அதுவே ராட்நெஸ்ட் ஆயிற்று. பெர்த் நகரில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களும் விடுமுறை நாட்களில் இத்தீவுக்குச் சென்று வருகின்றன.

ஆனால் டச்சுக் கப்பல் வருவதற்கு மிக முன்னரே தீவுக்கு ஒரு பெயர் இருந்தது. அந்நிலப்பகுதியின் தொல்குடியினரான நூங்கார் மக்கள் அதை வாஜெமப் என்று அழைத்தனர். ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் உயர்ந்து, தீவு பெருநிலத்திலிருந்து பிரிந்தது. அதன்பின் நீருக்கு அப்பால் தெரிந்த அந்த நிலம், இறந்தோரின் ஆவிகள் உறையும் இடமாக அவர்கள் நம்பிக்கையில் நிலைபெற்றது.

அந்த இடத்துக்கே அவர்களை உயிரோடு சங்கிலியிட்டுக் கொண்டுசென்றது ஆங்கிலேயக் குடியேற்ற ஆட்சி. 1838இல் தொல்குடிக் கைதிகளின் முதற் குழு தீவில் இறக்கப்பட்டது. இடையே சில ஆண்டுகள் நீங்கலாக, சிறை 1904 வரை அதிகாரபூர்வமாக நடந்தது. அதன் பின்னரும் 1931 வரை கைதிகள் அங்கே கட்டாய வேலைக்குப் பயன்படுத்தப்பட்டனர். மேற்கு ஆஸ்திரேலியாவின் பல பகுதிகளிலிருந்தும் ஏறத்தாழ 4,000 ஆண்களும் சிறுவர்களும் இவ்வாறு கொண்டுவரப்பட்டனர். தம் வேட்டை நிலத்தில் புதிதாக வந்து மேய்ந்த ஆட்டையோ மாட்டையோ ஈட்டியால் குத்தியதே பலர் செய்த ‘குற்றம்’. ஒடுங்கிய அறைகளில் அவர்கள் நெருக்கி அடைக்கப்பட்டனர். 1883இல் பரவிய தொற்றுநோயில் மட்டும் ஏறத்தாழ 60 பேர் மாண்டனர். மொத்தத்தில் குறைந்தது 373 பேர் அத்தீவிலேயே இறந்து, பெயர் பொறித்த கல்லின்றிப் புதைக்கப்பட்டனர்.

பின்னர் நடந்ததுதான் நம் கேள்விக்கு நேராக வருகிறது. இருபதாம் நூற்றாண்டில் தீவு விடுமுறைத் தலமாயிற்று. ‘குவாட்’ எனப்பட்ட சிறைக் கட்டடத்தின் அறைகள் மாற்றியமைக்கப்பட்டு விருந்தினர் விடுதியாயின. அருகிலிருந்த மர நிழல் முகாம் நிலமாயிற்று. ‘டென்ட்லாந்து’ என்று செல்லமாக அழைக்கப்பட்டது. குடும்பங்கள் ஆண்டுதோறும் வந்தன. தந்தையர் கூடாரத்து முளைகளை அடித்தனர், தாய்மார் சமைத்தனர், பிள்ளைகள் மணலில் ஆடினர். அந்த முகாம் நிலம் கைதிகளின் இடுகாட்டின்மேல் பரவியிருந்தது. பிற்பாடு மண்ணைத் தோண்டியபோது எலும்புகள் வெளிப்பட்டன. நிலத்தை ஊடுருவிப் பார்க்கும் ரேடார் கருவிகளும் புதைகுழிகள் இருப்பதைக் காட்டின. அதுவரை, பல பத்தாண்டுகளாக, மகிழ்ச்சியான மனிதர்கள் இறந்தோரின் மேல் பாய் விரித்து உறங்கினார்கள்.

*அறியாமை குற்றமா?*

அவர்களைக் கடிந்துகொள்ள நாம் விரைய வேண்டியதில்லை. அந்தக் கூடாரத்தில் உறங்கிய குழந்தைக்கு என்ன தெரியும்? புனித தாமஸ் அக்குவினாஸ் அறியாமையைப் பகுத்துப் பார்க்கச் சொன்னார். எவ்வளவு முயன்றாலும் நீக்க இயலாத அறியாமை உண்டு, அது குற்றமன்று. சற்று முயன்றால் நீங்கியிருக்கக்கூடிய அறியாமையும் உண்டு. அறியவேண்டியவன் அறிய மறுத்தான் என்றால், அந்த மறுப்புக்கு அவனே பொறுப்பாளி.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், முகாமில் தங்கிய எல்லாரும் ஒரே தட்டில் நிற்கமாட்டார்கள். குழந்தை குற்றமற்றது. தான் படுத்துறங்கும் அறைக்கு ஏன் இவ்வளவு தடித்த சுவர் என்று ஒருமுறையும் கேட்காத பெரியவர் சற்றே பொறுப்புடையவர். சிறையின் பதிவேடுகளைக் கையில் வைத்திருந்தும், அந்த நிலத்தை முகாமுக்குக் கொடுத்த நிர்வாகத்தின் பொறுப்போ பெரிது. அறியாமை பெரும்பாலும் தானாக விளைவதில்லை. யாரோ அதை விதைக்கிறார்கள். பலகையில் ஒரு வரியை எழுதாமல் விடுவதும், ஒரு வேலியைப் போடாமல் விடுவதும்கூட விதைப்புதான். பின்வரும் தலைமுறை எந்தக் கெட்ட எண்ணமும் இன்றி அதன் விளைச்சலை உண்கிறது.

“நேற்று நடந்த கொடுமைக்கு இன்று பிறந்தவன் எப்படிப் பொறுப்பாவான்?” என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வியே. தந்தை செய்த பாவம் மகனின் பாவமாகாது. ஆனால் பாவத்துக்கும் கடனுக்கும் வேறுபாடு உண்டு. தந்தை விட்டுச்சென்ற வீட்டில் குடியிருக்கும் மகன், அந்த வீட்டின்மேல் உள்ள கடனை மட்டும் “எனக்குத் தெரியாது” என்று தள்ள முடியுமா? தீவின் நடுக்குன்றில் 1849இல் எழுந்த கலங்கரை விளக்கத்துக்கு உழைத்தவர்கள் அக்கைதிகள். குடியிருப்பின் பழைய வீடுகளும் கடலோரச் சுவரும் அவர்கள் உழைப்பால் ஆனவை. உப்பு ஏரிகளில் உப்பு வாரியவர்களும் அவர்களே. இன்று அந்த வீட்டுத் திண்ணையில் அமர்ந்து காற்று வாங்குகிறவர் எந்தக் கொடுமையும் செய்யவில்லை. ஆயினும் கூலி கொடுக்கப்படாத உழைப்பின் நிழலில் அமர்ந்திருக்கிறார். குற்றவாளி என்று அவரை அழைக்க முடியாது. கடனாளி என்று அழைக்கலாம்.

இன்னொரு மறுப்பும் எழும். பூமி முழுவதுமே கல்லறைதானே! நாம் நடக்கும் மண்ணில் எத்தனை தலைமுறையினர் கலந்திருக்கிறார்கள்! ஒவ்வோர் அடிக்கும் துயரப்பட்டால் வாழ்வது எங்ஙனம்? உண்மைதான். ஆனால் தன் மக்கள் சூழ்ந்திருக்க இறந்து, தன் வழக்கப்படி அடக்கமாகி, காலப்போக்கில் மண்ணோடு கலந்தவரின் மறதி வேறு. குடும்பத்திடமிருந்து பிரிக்கப்பட்டு, அயல் தீவில் மாண்டு, அடையாளமின்றிப் புதைக்கப்பட்டு, பின்னர் அந்தப் புதைகுழியே மறைக்கப்பட்டவரின் மறதி வேறு. முன்னது இயற்கையின் இளைப்பாற்றி. பின்னது முதற் கொடுமையின் தொடர்ச்சி. இறந்தோரை அடக்கம் செய்தலை இரக்கச் செயல்களுள் ஒன்றாகத் திருச்சபை எண்ணுவதன் பொருளை இங்கே உணரலாம். மன்னனின் சினத்துக்கும் அஞ்சாமல், தெருவில் கிடந்த தன் இனத்தாரின் உடல்களைத் தேடிச்சென்று புதைத்த தோபித்து, அவர்கள் மனிதர்கள் என்பதையே அச்செயலால் அறிக்கையிட்டார். அடையாளமற்ற குழி அந்த அறிக்கையை மறுக்கிறது.

*யாருடைய துயர் நினைக்கப்படுகிறது?*

இது தொலைதூரத்து வெள்ளையரின் கதை என்று நாம் ஒதுங்கிவிடலாகாது. இந்தியப் பெருங்கடலின் இப்பக்கத்தில், நம் மக்கள் பெருமளவில் குடியேறி வாழும் அந்தமான் தீவுகளும் சிறைத் தீவுகளாக இருந்தவையே. 1896இல் கட்டத் தொடங்கி 1906இல் முடிக்கப்பட்ட செல்லுலார் சிறையை விடுதலை பெற்ற இந்தியா விடுதியாக மாற்றவில்லை. 1979இல் அதைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தது. அங்கு செல்வோர் குரலைத் தாழ்த்திக்கொள்கின்றனர். அது முறையே. அங்கே வதைபட்டவர்களின் வழிவந்தோர் இன்று ஆளும் மக்களாக இருக்கிறார்கள். அதனால் அத்துயரம் கல்லில் பொறிக்கப்பட்டது.

அதே தீவுகளின் தொல்குடியினரான பெரிய அந்தமானியர் நிலை என்ன? 1858இல் குற்றவாளிக் குடியேற்றம் தொடங்கியபோது ஆயிரக்கணக்கில் இருந்த அவர்கள், மோதல்களாலும் புதிய நோய்களாலும் அழிந்து, இன்று சில பத்துப் பேராகச் சுருங்கிவிட்டனர். 1859இல் அவர்கள் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டு மடிந்ததைக் குறிக்கும் சிறு நினைவுச் சின்னம் ஒன்று, 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரில் உண்டு. கடற்கரை விடுதிகளை நாடி விரையும் பயணிகளில் எத்தனை பேர் அங்கே நிற்கிறார்கள்? வல்லவரின் துயரம் வரலாறாகிறது. வலுவற்றவரின் துயரம் சுற்றுலா நிலமாகிறது. வாஜெமப்பில் நடந்ததும் இதுவே. நம்மிடமும் இது நடக்கிறது.

*நினைவின் கூடாரம்*

அப்படியானால் தீவுகளுக்குச் செல்வதையே நிறுத்திவிட வேண்டுமா? கூடாரங்களைச் சுருட்டிவிட வேண்டுமா? வேண்டியதில்லை என்பதற்கு விவிலிய மரபே சான்று. யூத மக்கள் ஆண்டுதோறும் கொண்டாடிய கூடாரப் பெருவிழாவை நினைத்துப் பாருங்கள். அறுவடை முடிந்து களஞ்சியம் நிறைந்த வேளையில், அவர்கள் தம் உறுதியான வீடுகளை விட்டு வெளியேறி, இலைதழைகளால் வேய்ந்த குடில்களில் ஏழு நாள் தங்கினர். அது மகிழ்ச்சியின் விழாவாகவே கொண்டாடப்பட்டது. எனினும் அம்மகிழ்ச்சியின் நடுவில் ஒரு நினைவு இருந்தது: அடிமைத்தனத்திலிருந்து மீட்கப்பட்டு, வீடற்றவராய்ப் பாலைநிலத்தில் அலைந்த தம் முன்னோரின் நினைவு. கூடாரம் அவர்களுக்கு நினைக்கக் கற்றுத்தந்தது. நம் காலத்துச் சொகுசுக் கூடாரமோ அனைத்தையும் மறந்துவிடச் சொல்லி அழைக்கிறது. இவ்விரண்டில் எது நம்மை உண்மையில் இளைப்பாற்றும்?

வாஜெமப்பில் அண்மைக் காலத்தில் நிகழ்ந்தவை இதற்கு ஓரளவு விடை தருகின்றன. டென்ட்லாந்து மூடப்பட்டது, இடுகாட்டு நிலம் பாதுகாக்கப்பட்டது. 2018இல் குவாட் கட்டடத்தில் விருந்தினர் தங்குவது நிறுத்தப்பட்டது. 2024 நவம்பரில், அங்கு மாண்டோருக்காகத் தொல்குடி மக்களின் முறைப்படி சடங்குகள் நடந்தன. அதற்காகத் தீவு ஒரு நாள் சுற்றுலாப் பயணிகளுக்கு மூடப்பட்டிருந்தது. எது செய்யப்பட வேண்டும் என்பதில் இறந்தோரின் வழிவந்தவர்கள் குரல் கேட்கப்பட்டது. மிகவும் காலம் தாழ்ந்துதான், ஆயினும் கேட்கப்பட்டது.

தீவின் மகிழ்ச்சி இதனால் அழிந்துபோகவில்லை. படகுகள் இன்றும் செல்கின்றன. 2019இல் வேறொரு கடற்கரையோரம் அமைந்த சொகுசுக் கூடாரங்களிலும் மக்கள் தங்குகின்றனர். பிள்ளைகள் குவாக்காவைக் கண்டு சிரிக்கின்றனர். உண்மையைச் சொன்னால் விடுமுறை கெட்டுவிடும் என்ற அச்சம் பொய்த்துவிட்டது. மறைத்துவைத்தால்தான் நிலைக்கும் மகிழ்ச்சி எவ்வளவு நொய்ந்தது! உண்மையை அருகில் அமர்த்திக்கொண்டும் நிலைப்பது எதுவோ, அதுவே ஓய்வு என்னும் பெயருக்குத் தகும்.

நவம்பர் 2ஆம் நாள் நாம் கல்லறைத் தோட்டங்களுக்குச் சென்று, நம் பெற்றோர், உற்றார் கல்லறைகளில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம். எந்தக் கல்லறையும் இல்லாதவர்களுக்காகவும் அன்று செபிக்கிறோம். அந்தச் செபம் ஆலயத்தோடு முடிந்துவிட வேண்டியதில்லை. பயணத்திலும் நம்மோடு வரலாம். மலையோ கடற்கரையோ தீவோ, எங்கு சென்று தங்கினாலும், இந்த மண்ணில் முன்பு வாழ்ந்தவர்கள் யார், அவர்கள் இன்று எங்கே என்று அவ்வூர் மக்களிடம் ஒருமுறை கேட்போம். விடை தெரிந்தால் பிள்ளைகளுக்கும் சொல்வோம். நிற்க வேண்டிய இடத்தில் ஒரு நிமிடம் நிற்போம். விலக வேண்டிய இடத்திலிருந்து கூடாரத்தைச் சற்றுத் தள்ளி அமைப்போம்.

இதற்கு அதிகச் செலவில்லை. நேரமும் பெரிதாகத் தேவையில்லை. முளையை மண்ணில் இறக்குமுன், அந்த மண் யாரைத் தாங்கியிருக்கிறது என்று எண்ணிப் பார்க்கும் மனம் இருந்தால் போதும்.