ஓதற்பிரிவும் பிணைமுறியும்

நாம் பணியாற்றும் மத்திய அரசு அலுவலகத்தில், பணியாளர் பிரிவின் இரும்பு அலமாரியில், 'கல்வி விடுப்பு' என்று எழுதிய கோப்புக் கட்டு ஒன்று உண்டு. பருமனான கட்டு அன்று. எழுத்தர் நிறைந்த அலுவலகத்தில் மேற்படிப்புக்கு விடுப்புக் கேட்போர் எத்தனை பேர் இருந்துவிடப் போகின்றனர்? ஆயினும் அக்கட்டிலுள்ள ஒவ்வொரு கோப்பிலும் ஒரு பிணைமுறி தவறாமல் இருக்கும். 1972-ஆம் ஆண்டின் மத்திய அரசுப் பணியாளர் விடுப்பு விதிகள் அதனை வற்புறுத்துகின்றன. கற்கச் சென்றவர் மீண்டு வந்து மூன்றாண்டுகள் பணிபுரிய வேண்டும். வாராது போனாலும், வந்தபின் அக்காலத்துக்குள் பணியைத் துறந்தாலும், விடுப்புச் சம்பளம் முதலாக அவர்பொருட்டு அரசு செலவிட்டதை வட்டியுடன் திருப்பிச் செலுத்த வேண்டும். செலுத்திவிட்டால், கோப்பின் மேல் 'முடிவுற்றது' என்று எழுதி நாடாவால் கட்டி வைத்துவிடுவோம்.

இவ்வாறு கட்டி வைக்குந்தோறும் நமக்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. கற்றவன் படும் கடன் பணத்தால் தீர்கிறதா? மூன்றாண்டு நாற்காலியில் வந்து அமர்வதால் தீர்கிறதா? இரண்டாலும் தீராதெனின் வேறு எதனால் தீரும்? இதுகாறும் இது வெறும் அலுவலக ஐயமாகவே இருந்தது. நம் தமக்கையாரின் மகன் வெளிநாடு சென்று படித்து மீண்ட பிறகு, அது வீட்டு ஐயமாகவும் ஆயிற்று.

கல்வியின் பொருட்டுப் பிரிதல் தமிழர்க்குப் புதிதன்று. பிரிவின் காரணங்களை எண்ணும் தொல்காப்பியம் ஓதலையே முதலில் வைக்கிறது. கற்பியலில் அப்பிரிவுக்கு எல்லையும் கட்டுகிறது: மூன்றாண்டைக் கடத்தல் ஆகாது. அலமாரியிலுள்ள பிணைமுறிக்கும் தொல்காப்பியத்துக்கும் இடையே இந்த மூன்று என்னும் எண் எப்படி ஒத்துப் போயிற்றோ, அறியோம். முன்னது சென்றவன் மீண்டபின் இருக்க வேண்டிய காலம். பின்னது அவன் வெளியே இருக்கத் தக்க காலம். எனினும் இரண்டும் ஒன்றை ஒப்புக்கொள்கின்றன. கற்கச் சென்றவனை ஒருவர் எதிர்பார்த்திருக்கிறார். அவ்வெதிர்பார்ப்புக்கு ஓர் அளவு வேண்டும்.

இன்று 'மாணவர் பரிமாற்றம்' என்று வழங்கும் ஏற்பாடு இவ்வளவை மிகத் தெளிவாக வகுத்துக் கொண்ட ஒன்று. இங்கிருந்து ஒருவன் ஒரு பருவமோ ஓராண்டோ அங்குச் செல்கிறான். அங்கிருந்து ஒருவர் இங்கு வருகிறார். பெரும்பாலும் அவரவர் தத்தம் கல்லூரிக்கே கட்டணம் செலுத்துவர். அயற்கல்லூரியில் பெற்ற மதிப்பெண் தம் கல்லூரியில் கணக்கில் ஏறும். ஐரோப்பிய நாடுகள் 1987-இல் 'எராஸ்மஸ்' என்னும் திட்டத்தைத் தொடங்கியபோது, முதலாண்டில் பதினொரு நாடுகளைச் சேர்ந்த 3,244 மாணவரே சென்றனர். பின்னர் அது பல இலட்சக்கணக்கானோரை ஊர் மாற்றி அமர்த்திப் படிக்க வைத்தது. அதற்கும் மூத்தது அமெரிக்காவின் 'ஃபுல்பிரைட்' திட்டம். 1946-இல் அதற்குச் சட்டம் இயற்றியவர்கள் பணத்துக்குக் கண்ட வழி வியப்புக்குரியது. இரண்டாம் உலகப் போரில் பயன்பட்டு அயல்நாடுகளில் மிஞ்சிக் கிடந்த அமெரிக்கத் தளவாடங்களை விற்று, அத்தொகையால் மாணவர்களை அனுப்பினர். போர்ச் சரக்கு விற்ற பணம் புத்தகம் வாங்கிற்று! இந்தியா இத்திட்டத்தில் 1950-இல் சேர்ந்தது.

நம் மருகன் சென்றது இத்தகைய பெரிய உதவித்தொகை ஒன்றிலும் அன்று. மைசூரில் பொறியியல் பயின்றவன், தன் கல்லூரி செய்துகொண்டிருந்த உடன்பாட்டின்படி ஜெர்மனிக்கு ஒரு பருவம் சென்றான். கபிலை ஆற்றின்மேல் 1735-இல் எழுப்பிய பழைய பாலத்தைத் தாண்டி மைசூர் செல்வதே நெடும்பயணம் என்று எண்ணியிருந்த வீடு நம் தமக்கையார் வீடு. நஞ்சன்கூட்டு இரசபாழையின் மணம் வேறெந்த வாழைப்பழத்துக்கும் இல்லை என்று நம்பும் வீடும் அதுவே. அந்நம்பிக்கையில் நமக்கும் உடன்பாடுதான்.

சென்ற புதிதில் அவன் அனுப்பிய செய்திகள் எல்லாம் சிறியவை. ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைத்திருக்கும் என்பதை அறியாமல், முதல் ஞாயிறன்று ரொட்டியும் தண்ணீருமாகக் கழித்தான். விரிவுரை முடிந்ததும் மாணவர்கள் கைதட்டாமல் மேசையை விரல் முட்டியால் தட்டுவதைக் கேட்டு, ஆசிரியர்மீது சினம் போலும் என்று அஞ்சினான். பொதுச் சமையலறையில் அவன் தாளித்த கடுகு வெடித்தபோது புகை அறிவிப்பான் அலறிற்று. இவற்றைச் சொல்லி அவன் சிரிக்கும்போது தமக்கையார் உடன் சிரிப்பார். பின்பு உள்ளே சென்று சிறிது நேரம் வரமாட்டார்.

ஒரு நாள் அவன் சொன்னது வேறு வகையானது. பல நாட்டு மாணவர்கள் கூடியிருந்த மாலையில், ஒவ்வொருவரும் தம் பெயரைத் தம் தாய்மொழியில் எழுதிக் காட்ட வேண்டும் என்று ஒரு விளையாட்டு. இவன் கரும்பலகையில் கன்னடத்தில் எழுதினான். 'உன் தாய்மொழி தமிழ் என்றாயே, இது தமிழா?' என்று ஒரு போலந்து நாட்டு மாணவி கேட்டாளாம். பேச அறிந்த மொழியில் தன் பெயரை எழுத அறியாதவனாக அங்கே நின்றதை அவன் பல நாள் மறக்கவில்லை.

இதைக் கேட்ட நம்மவர் சிலர், 'அந்நிய மண்ணில்தான் புத்தி வந்தது' என்றனர். நாம் அவ்வாறு சொல்ல மாட்டோம். கன்னடம் இவனுக்கு எழுத்தறிவித்த மொழி. இவன் பாட்டனுக்குச் சோறிட்ட மண்ணின் மொழி. அதில் பெயரெழுதியதில் குற்றம் யாதும் இல்லை. ஆனால் வீட்டுக்குள் நின்றபோது காணாத வீட்டை, வெளியே சென்று திரும்பிப் பார்த்தபோது அவன் கண்டான் என்பது உண்மை.

இவ்வுண்மைக்கு நம் மைசூர்ச் சீமையிலேயே பெரிய சான்றுகள் உண்டு. மைசூரில் 1929-இல் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, அங்குள்ள மகாராசா கல்லூரியில் பயின்ற ஏ. கே. இராமானுஜன், 1959-இல் ஃபுல்பிரைட் உதவியுடன் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். 1962-இல் சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தின் நிலவறையில், பழந்தமிழுக்கு எளிய இலக்கணம் ஒன்று தேடியவர் கையில் டாக்டர் உ. வே. சா. பதிப்பித்த குறுந்தொகை அகப்பட்டது. வீட்டில் தமிழ் பேசி வளர்ந்தவர் குறுந்தொகையைக் கண்டெடுத்த இடம் சிகாகோ! 1967-இல் அவர் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பின் வழியே சங்கப் பாடல்களை உலகோர் பலர் முதன்முதலாக அறிந்தனர். கன்னட வசனங்களையும் அவ்வாறே மொழிபெயர்த்தார். ஆனால் அவர் திரும்பி வந்து இங்குத் தங்கவில்லை. 1993-இல் சிகாகோவிலேயே மறைந்தார்.

மற்றொருவர் யு. ஆர். அனந்தமூர்த்தி. மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் பயின்ற அவர், 1963-இல் காமன்வெல்த் உதவித்தொகையுடன் இங்கிலாந்தின் பர்மிங்காமுக்குச் சென்றார். அங்கே சுவீடன் நாட்டு இயக்குநர் பெர்க்மனின் 'ஏழாம் முத்திரை' என்னும் படத்தை, வசன மொழிபெயர்ப்பின்றியே பார்த்தார். அது கிளறிய எண்ணங்களினின்று 'சம்ஸ்காரா' என்னும் கன்னட நாவல் பிறந்தது, 1965-இல் வெளிவந்தது. அவர் பட்டம் பெற்று நாடு திரும்பி மைசூரில் ஆசிரியப் பணி புரிந்தார். அந்நாவலை 1976-இல் ஆங்கிலத்தில் தந்தவர் யார் எனில், மேலே கூறிய இராமானுஜனே. மீண்டவர் எழுதினார், மீளாதவர் அதனைக் கடல் கடத்தினார். இவ்விருவருள் கடன் தீர்த்தவர் யார் என்று நம் அலமாரிக் கோப்பைக் கேட்டால், அது அனந்தமூர்த்தியை மட்டுமே காட்டும். அத்தீர்ப்பு தவறு என்பதைக் குறுந்தொகையை விரும்பும் எவரும் உணர்வர்.

ஆகவே, நாட்டுக்கும் மொழிக்கும் பட்ட கடனைத் தொலைவிலிருந்தும் தீர்க்கலாம் என்று நாம் கொண்டோம். கொண்ட உடனே ஓர் அச்சமும் தோன்றிற்று. ஆயிரத்தில் ஒருவர்க்கு வாய்ப்பதைக் காட்டி, எஞ்சிய தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதின்மரும் தம்மை விடுவித்துக் கொள்ளலாமா? அங்கே வீடு வாங்கி, வாகனம் வாங்கி, ஆண்டுக்கொருமுறை விழாவில் பட்டுடுத்தி நிற்பதையே குறுந்தொகைக்கு நிகராக எண்ணிக் கொள்வது எளிதல்லவா?

இவ்வச்சம் பெரிதுதான். ஆயினும் நம்மை மேலும் வருத்தியது வேறொன்று. அதனைத் தமக்கையார் கிளப்பினார்.

மருகன் மீண்டு வந்து, படிப்பை முடித்து, முதுகலை பயில மீண்டும் ஜெர்மனிக்கே செல்ல முனைந்தான். இம்முறை பரிமாற்றம் இல்லை. திரும்பும் தேதி குறித்த தாள் இல்லை. தமக்கையார் ஒரு மாலை நம் வீட்டுக்கு வந்தார். "தம்பி, உங்கள் அலுவலகத்தில் எழுதி வாங்குகிறீர்களே, அதுபோல இவனிடமும் ஒன்று எழுதி வாங்கிக் கொடேன். இரண்டு வருடம், அதற்குமேல் இல்லை என்று எழுதட்டும்" என்றார். விளையாட்டாகச் சொல்கிறார் என்று எண்ணினோம். முகத்தைப் பார்த்தபின் அவ்வெண்ணம் போயிற்று.

மருகனை அழைத்துச் சொன்னோம். அவன் சற்று நேரம் பேசாதிருந்தான். பின்பு, "தாத்தா எழுதிக் கொடுத்துவிட்டா வந்தார், மாமா?" என்றான். எள்ளலாகக் கேட்கவில்லை, அறியவே கேட்டான்.

நம் தந்தையார் 1974-இல் சத்தியமங்கலத்தை அடுத்த சிற்றூரிலிருந்து, திம்பம் மலைப்பாதை வழியே சாமராசநகர் வந்து, நஞ்சன்கூட்டில் ஓர் ஆலையில் வேலைக்கு அமர்ந்தவர். தம் தாயாரிடம் 'இரண்டு வருடம்' என்று சொல்லிவிட்டு வந்தாராம். அடுத்த பொங்கலுக்குச் சென்றபோதும் இரண்டு வருடம் என்றார். அதற்கடுத்த பொங்கலுக்கும் அதையே சொன்னார். திங்கள்தோறும் பணவிடை தவறாது சென்றது. பாட்டியார் அவர் உண்ணும் வட்டிலை வேறெவர்க்கும் இடாமல் விளக்கி வைத்திருந்ததை நாம் சிறுவயதில் கண்டிருக்கிறோம். அவ்வட்டில் இப்போது எவரிடம் இருக்கிறது என்பதை அறியோம்.

கணித மேதை இராமானுஜனை இவ்விடத்தில் நினைக்கத் தோன்றுகிறது. 1914-இல் கேம்பிரிட்ஜுக்குச் சென்றவர், நோயுற்ற உடலுடன் 1919-இல் திரும்பினார். திரும்புமுன் அவ்வாண்டு சனவரியில் சென்னைப் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு ஒரு கடிதம் எழுதினார். ஆண்டுக்கு 250 பவுன் தர முன்வந்தது தம் தேவைக்கு மிகை என்றார். பெற்றோர்க்கு ஆண்டுக்கு ஐம்பது பவுனும் தம் செலவும் போக எஞ்சுவதை, ஏழைச் சிறுவரின் பள்ளிக் கட்டணத்தைக் குறைத்தல் போன்ற கல்விப் பணிகளுக்குச் செலவிட வேண்டினார். ஊருக்குப் பட்ட கடனை இதனினும் நேர்மையாக எவர் கணக்கிட முடியும்? ஆனால் ஐந்தாண்டு காத்திருந்த தாயாருக்கும் மனைவியாருக்கும் அவர் மீண்டபின் கிட்டியது ஓராண்டுக்குச் சற்று மிகுதியான காலமே. 1920 ஏப்ரலில் அவர் மறைந்தார்.

நாட்டுக்குத் தருவதற்குப் பல வழிகள் உண்டு. நூலாகத் தரலாம், பணமாகத் தரலாம், மொழிபெயர்ப்பாகத் தரலாம். தாய்க்கு உடனிருப்பையன்றி வேறெதுவும் ஈடாவதில்லை. நம் தந்தையாரின் பணவிடைகள் பாட்டியாரின் அடுப்பை எரித்தன, வட்டிலை நிறைக்கவில்லை. அவ்வாறாயின் மகனிடம் எழுதி வாங்கத் தமக்கையாருக்கு உரிமை உண்டா? ஊரைவிட்டு வந்து, வந்த இடத்திலேயே வேரூன்றிய நாம், நம் பிள்ளைகள் மட்டும் மீள வேண்டும் என்று எந்த முகத்துடன் கேட்பது?

நெடுநேரம் எண்ணியபின் நமக்குப் பட்டது இது. தந்தையார் செய்த பிழை வந்ததன்று, தங்கியதுமன்று. வறுமை அவரை மலையேற்றிற்று. சோறு இங்கே இருந்தது. பொங்கல்தோறும் 'இரண்டு வருடம்' என்று சொன்னாரே, அதுதான் பிழை. மீளப் போவதில்லை என்பதை அவர் ஐந்தாறு ஆண்டுகளிலேயே உணர்ந்திருக்க வேண்டும். சொல்ல அஞ்சினார். பாட்டியாரோ கேட்க அஞ்சினார். பிணைமுறி எழுதி வாங்கினால், நாமும் அந்தப் பழைய பொய்க்கு முத்திரைத்தாள் ஒட்டியவர்கள் ஆவோம்.

ஆகவே மருகனிடம் வேறொன்று கேட்டோம்: 'உனக்குத் தெரிந்ததை மட்டும் உன் தாயிடம் சொல்.' அன்றிரவு அவன் சொன்னான். வருவேனா என்பது தனக்கே தெரியவில்லை என்றும், தெரியும் நாளில் மறைக்காமல் சொல்வேன் என்றும் சொன்னான். தமக்கையார் இரண்டு நாள் அவனுடன் பேசவில்லை. நம்முடனும் பேசவில்லை, எழுதி வாங்கித் தராத தம்பி எதற்கு என்று நினைத்திருக்கலாம்.

மூன்றாம் நாள் மாலை நாம் சென்றபோது, கூடத்தில் இருவரும் அமர்ந்திருந்தனர். கோடிட்ட குறிப்பேட்டில் தமக்கையார் 'அ' எழுதிக் காட்ட, அவன் அதன்கீழ் எழுதிக் கொண்டிருந்தான். கன்னடம் எழுதிப் பழகிய கை. அவன் எழுதிய 'அ' கன்னட எழுத்தைப் போலவே வளைந்து நின்றது. "சுழியை அங்கே முடிக்காதே, கீழே இறக்கு" என்றார் தமக்கையார். நம்மைப் பார்த்து, "காப்பி குடிக்கிறாயா?" என்று கேட்டுவிட்டு, எழுந்து போகாமல் 'ஆ' எழுதத் தொடங்கினார்.