குதிரையின் வாயில் இரும்பு வேண்டுமா?

குதிரைமீது ஏறிச் செல்வோரும், அதனை வண்டியிற் பூட்டி ஓட்டுவோரும், அதன் வாயில் ஓர் இரும்பை இட்டு, அவ்விரும்போடு பிணைத்த வாரைக் கையிற் பற்றுதல் நெடுங்கால வழக்கம். வழக்கமாயிருப்பது பற்றியே ஒரு செயல் குற்றமற்றதாகிவிடாது. உயிர்க்கு ஊறு செய்யாமையை முதற் சீலமாக மேற்கொண்ட நாம், இவ்விரும்பு இன்றியமையாததுதானா என்று ஆராயக் கடமைப்பட்டுள்ளோம்.

குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லில்லாத ஓர் இடைவெளி உண்டு. வாயிரும்பு அமர்வது அங்கேதான். அவ்விடத்தில் தாடையெலும்பை மெல்லிய ஈறு மட்டுமே போர்த்திருக்கிறது. நாவும் இரும்பின் கீழ் அகப்படுகிறது. வாரை வலிந்து இழுக்குந்தோறும் ஈறும் நாவும் நசுங்குகின்றன. குதிரை தலையை உதறுவதையும் வாயைப் பிளப்பதையும் நாம் முரட்டுக் குணமென்று கொள்கின்றோம். அது நோவின் குரலாகவும் இருக்கலாம் என்பதை எண்ணுவதில்லை.

"பகவான் காலத்திலும் கடிவாளம் இருந்ததன்றோ?" என்று சிலர் கேட்கலாம். இருந்தது உண்மையே. மஜ்ஜிம நிகாயத்துப் பத்தாலி சூத்திரத்தில் இளங்குதிரையைப் பழக்குவோன் உவமையாகக் கூறப்படுகிறான். அவன் முதலிற் கடிவாளத்தைப் பூட்டப் பழக்குகிறான். முன்பு அறியாத செயலாதலால் குட்டி துள்ளி முரண்டுகிறது, பின்னர் அமைதியுறுகிறது. உவமை உலகிலுள்ள தொழிலை எடுத்தாள்கிறதேயன்றி, அத்தொழிலின் கருவியை விதியாக்கவில்லை. மேலும், குட்டி அடங்கியதற்கு அச்சூத்திரம் கூறும் காரணம் யாது? இடைவிடாத பயிற்சியும் படிப்படியான பழக்கமுமே. இரும்பின் வலிமை அங்கே காரணமாகக் கூறப்படவில்லை.

அங்ஙனமாயின், இரும்பின்றியே அப்பயிற்சி கைகூடுமா? கைகூடியதற்குச் சான்றுகள் உள. கி.மு. 218 முதல் 201 வரை நடந்த இரண்டாம் பியூனிக் போரில் ஹன்னிபாலின் படையிலிருந்த நுமீடியர், கடிவாளமில்லாக் குதிரைகளில் ஏறிப் போரிட்டனர். இன்றைய அல்ஜீரியா நாட்டுப் பகுதியைச் சேர்ந்த அவர்களுக்குக் குதிரையின் கழுத்தில் ஒரு கயிறும் கையில் ஒரு சிறு கோலும் போதுமாயிருந்தன. போரைப் புகழ இதனைக் கூறினோமல்லோம். அத்தனை அமளியிலும் குதிரை சொற்கேட்டது என்பதே ஈண்டுக் கருதத்தக்கது. கலிபோர்னியாவின் மாடுமேய்ப்பர், பச்சைத்தோலாற் பின்னிய மூக்குப்பட்டை கொண்டே இளங்குதிரைகளைப் பழக்கினர். அமெரிக்க நாட்டு டப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் கால்நடை மருத்துவப் பேராசிரியராயிருந்த ராபர்ட் குக், தாடைக்குக் கீழே வார்கள் குறுக்காகச் சென்று தலையைப் பக்கவாட்டில் மெல்ல அழுத்தும் ஒரு கடிவாளத்தைப் பரப்பினார். பன்னாட்டுக் குதிரையேற்றக் கூட்டமைப்பின் விதிகளும் தடைதாண்டும் போட்டியில் வாயிரும்பில்லாக் கடிவாளத்தை ஏற்கின்றன.

"மிரண்டோடும் குதிரையை இரும்பின்றி எவ்வாறு நிறுத்துவது?" என்பது அடுத்த வினா. இது புறக்கணிக்கத்தக்கதன்று; தெருவிற் செல்வோரின் உயிரும் இதில் அடங்கியுள்ளது. ஆயினும், ஏறக்குறைய ஐந்நூறு கிலோகிராம் எடையுள்ள உயிரை மனிதனது கைவலிமை நிறுத்திவிடாது. அச்சத்தால் ஓடுவதற்கு நோவையும் கூட்டினால், அது மேலும் விரைந்து ஓடவுங்கூடும். நிற்கக் கற்ற குதிரையே நிற்கும்.

இனி, இரும்பை நீக்கிய அளவிலேயே அஹிம்சை நிறைவுற்றதென்று மகிழ்தலும் தவறு. மூக்கெலும்பின் நுனி மெல்லியது. நெம்புகோல் அமைந்த மூக்குப்பட்டையை முரட்டுக் கை இழுத்தால் அங்கும் துன்பமே விளையும். மென்மையான கை பிடித்த வழவழப்பான வாயிரும்பு அதனினும் குறைந்த தீங்கு செய்யலாம். ஆகவே நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா இதுவே: நோவுக்கு அஞ்சி இவ்வுயிர் நமக்குப் பணிகிறதா, நம் குறிப்பை அறிந்து பணிகிறதா? நோவைக் கருவியாகக் கொண்டவன் பொறுமையைக் கற்க வேண்டுவதில்லை. அக்கருவியைக் கைவிட்டவனோ முதலில் தன் சினத்தையும் அவசரத்தையும் அடக்கியாக வேண்டும்.

நம் நாட்டில் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960-இல் இயற்றப்பட்டது. அதன் கீழ் 1965-இல் வகுக்கப்பட்ட விதிகள் முள் பதித்த வாயிரும்பைத் தடைசெய்தன. எனினும் வண்டிக் குதிரைகளிடமும் மணவூர்வலக் குதிரைகளிடமும் அக்கொடிய கருவி இன்னும் காணப்படுகிறது. அன்றன்றைய கூலியால் வாழும் வண்டிக்காரனை மட்டும் பழித்தல் அறமாகாது. பொறுமையாகப் பழக்குவதற்கு வேண்டிய ஓய்வு அவனுக்கு இல்லை. விரைந்து ஓட்டச் சொல்பவரும் வாடகை தரும் நாமே. வாயில் புண்ணுள்ள குதிரையை அமர்த்த மறுப்போம். முள்ளிரும்பைக் கழற்றுபவனுக்குச் சற்று மிகுதியான கூலி கொடுப்போம். அதன்பின், அறிந்தோர் துணையுடன் வேலியடைத்த வெளியில் நாட்கணக்காகப் பழக்கி, எஞ்சிய இரும்பையும் நீக்க முயல்வது இயலும். நெருக்கமான தெருவில் ஒரே நாளில் செய்யத்தக்க செயலன்று அது. ஆனால் முள்ளை நீக்குவதற்கு நாளை வரை காத்திருக்க வேண்டியதில்லை.